நான்கு எழுத்தும் நான்கு விளக்கும்

"டிஸ்ப்ளே வரலை, மாமா."

தங்கை மகன் கேபினெட்டின் பக்கக் கண்ணாடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தான். விசிறி மூன்றும் சுற்றுகின்றன. ரேம் குச்சிகள் கல்யாண வீட்டு சீரியல் செட் போலப் பச்சையும் ஊதாவுமாய் ஓடுகின்றன. மானிட்டர் மட்டும் கருப்பு. ஒரு மாதமாக ஒவ்வொரு பாகமாகக் கூரியரில் வரவழைத்து, காலை முழுக்கத் திருப்புளியோடு குனிந்து கிடந்து பூட்டிய மெஷின் அது.

திருவனந்தபுரம் கரமனையில் இதே முன்னறையில், 2001 கடைசியில், நானும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குத் திரை கருப்பாக இல்லை. அதில் இரண்டு ஆங்கில எழுத்துகள் நின்றன: எல், ஐ. அதற்குமேல் நகரவில்லை.

அந்தக் கணினியின் பாகங்கள் சென்னை ரிச்சி தெருவில் வாங்கியவை. திருவனந்தபுரத்திலும் கடைகள் உண்டு. ஆனால் செலரான் பிராசஸரும் மதர்போர்டும் சேர்த்து விலை கேட்டால், சென்னைக்குப் போய்வரும் ரயில் கட்டணத்தைக் கழித்தும் ரிச்சி தெருவில் மிச்சம் இருந்தது. போர்டை வெப்பம் படாமல் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, 20 ஜிபி ஹார்ட் டிஸ்க்கைத் தலையணைக்கு அடியில் செருகிக்கொண்டு, திருவனந்தபுரம் மெயிலில் இரவெல்லாம் அரைத்தூக்கம். மானிட்டர் மட்டும் இங்கேயே வாங்கியது. பதினைந்து அங்குலப் படக்குழாய் மானிட்டரை யாரும் ரயிலில் கொண்டுவர மாட்டார்கள். தம்பானூரிலிருந்து ஆட்டோவில் வந்தபோது அதைக் குழந்தையைப் பிடிப்பதுபோல அணைத்துக்கொண்டிருந்தேன்.

லினக்ஸ் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். விண்டோஸ் சிடி எல்லாக் கடையிலும் 'சும்மா' போட்டுத் தருகிற காலம். கள்ளப் பிரதி என்ற எண்ணமே யாருக்கும் இல்லை. எனக்குக் காரணமாக இருந்தது ஊர்தான். அந்த ஆண்டு ஜூலை 20-ஆம் தேதி, ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரத்துக்கு வந்து, இந்திய சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். நீளத் தாடிக்கார அமெரிக்கர் ஒருவர், மென்பொருளை விலைக்கணக்கில் பார்க்காதீர்கள், உரிமைக்கணக்கில் பாருங்கள் என்று சொல்வது சங்கமும் ஊர்வலமும் வாசகசாலையும் ஊறிய இந்த ஊருக்குச் சட்டெனப் பிடித்துப்போயிற்று. சாலைக் கம்போளத்தில் கொப்பரை வியாபாரம் பார்க்கும் அண்ணாச்சிகளுக்கு அது எட்டியிருக்காது. எங்களைப் போன்ற, வேலை தேடிக்கொண்டிருந்த இளவட்டத்துக்கு எட்டியது.

சிடி ஓர் ஆங்கிலக் கணினிப் பத்திரிகையின் இணைப்பு. அப்போதெல்லாம் பிசிக்வெஸ்ட் மாதிரிப் பத்திரிகைகள் லினக்ஸை இதழோடு சேர்த்தே தந்தன. டயல்-அப் இணைப்பில் 650 எம்பியை இறக்குவது நினைத்துப் பார்க்கக்கூடிய காரியமாக இல்லை. நிறுவல் ஓடி முடிந்தது. மறுபடி இயக்கினேன். எல், ஐ.

இரண்டு நாள் பூட்டியும் கழற்றியும் பார்த்தேன். மூன்றாம் நாள், வெள்ளயம்பலம் பக்கம் வேலை பார்த்த மலையாளி அண்ணன் ஒருவரைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தேன். (தெற்குத் திருவிதாங்கூரில் மலையாளிகளும் 'அண்ணா' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். வடக்கே போகப் போகத்தான் 'சேட்டன்' ஆட்சி.) நான் நடந்த கதையை ஆதியிலிருந்து சொல்லத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். "அதொக்கெ பின்னே. மெஷின் எந்தா பறயுன்னே?" மெஷின் என்ன சொல்கிறது?

இரண்டெழுத்துதான் சொல்கிறது என்றேன். அதுவே போதும் என்றார்.

லினக்ஸை எழுப்பிவிடும் அந்தச் சிறு நிரலின் பெயர் லிலோ. அதை எழுதியவர்கள் ஒரு தந்திரம் செய்திருந்தார்கள். ஆங்கிலத்தில் அதன் பெயருக்கு நான்கு எழுத்து. ஒவ்வொரு படி தாண்டும்போதும் ஓர் எழுத்து திரையில் விழும். முதல் துண்டு ஏறினால் எல். இரண்டாம் துண்டு வட்டிலிருந்து வந்து சேர்ந்தால் ஐ. அது ஓடத் தொடங்கினால் இன்னோர் எல். எல்லாம் சரியானால் ஓ. ஆக என் மெஷின் தன் பெயரைச் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் மூச்சு நின்றுபோயிருக்கிறது. எந்த இடத்தில் நின்றது என்பதும் அதிலேயே இருக்கிறது: இரண்டாம் துண்டை எடுத்துவிட்டது, ஓட்ட முடியவில்லை. அப்படியானால் வட்டின் கணக்கு பிசகியிருக்க வேண்டும்.

கணக்கு உண்மையிலேயே பிசகித்தான் இருந்தது. பழைய பயாஸ் முறையில் வட்டின் முதல் 1024 சிலிண்டர்களுக்குள் இருப்பதை மட்டுமே தொட முடியும். ஏறக்குறைய 8.4 ஜிபி. நானோ முதல் பத்து ஜிபியை விண்டோஸுக்குக் கொடுத்துவிட்டு, லினக்ஸை அதற்குப் பின்னால் குடியேற்றியிருந்தேன். கைக்கு எட்டாத பரணில் சாவியை வைத்துவிட்டுக் கதவைப் பூட்டிய கதை. அந்த எல்லையைத் தாண்டப் புதிய லிலோ பதிப்புகள் கற்றுக்கொண்டிருந்தன. என் சிடி அதற்கு முந்தையது. அண்ணன் வட்டின் தலைமாட்டில் ஒரு சின்னப் பார்ட்டிஷன் ஒதுக்கி, எழுப்புவதற்கு வேண்டிய கோப்புகளை மட்டும் அதில் வைத்தார். விண்டோஸ் போயிற்று. அதிலிருந்த தங்கையின் கல்லூரிப் பிராஜெக்டும் போயிற்று. அந்த வழக்கு எங்கள் வீட்டில் இன்னும் நடக்கிறது.

பிறகு திரை. அன்றைய லினக்ஸுக்கு மானிட்டரின் ஜாதகம் தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும். 800-க்கு 600 என்ற அளவை நொடிக்கு அறுபது தரம் வரைய, படக்குழாய் நொடிக்குச் சுமார் 37,900 கிடைக்கோடுகளை இழுக்க வேண்டும். 1024-க்கு 768 என்றால் 48,400. உங்கள் மானிட்டர் எதுவரை தாங்கும் என்று நிறுவி கேட்கும். கூடுதலாகச் சொல்லிவிட்டால் பழைய மானிட்டர்கள் கெட்டுப்போகலாம் என்ற எச்சரிக்கையும் கூடவே வரும். மானிட்டரோடு வந்த தாளைத் தொலைத்துவிட்ட நான் ஒரு எண்ணைக் குத்துமதிப்பாகத் தட்டினேன். உள்ளேயிருந்து கொசு ரீங்காரம் போல 'கீ' என்று ஒரு சத்தம். பதறிப்போய் கன்ட்ரோல், ஆல்ட், பேக்ஸ்பேஸ் மூன்றையும் ஒன்றாக அழுத்தினேன். அந்த மூன்று விரல் அபயமுத்திரை இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. மானிட்டரே தன் தாங்குசக்தியைக் கேபிள் வழியாகச் சொல்லிவிடுகிறது. திரையை ஒழுங்குபடுத்தும் பொறுப்பும் 2009 முதல் படிப்படியாகக் கர்னலுக்குள்ளேயே போய்விட்டது.

இதையெல்லாம்விடப் பெரிய சோதனை மோடம். கடையில் மலிவாகக் கிடைத்த உள்மோடங்கள் பெரும்பாலும் அரை மோடங்கள். ஒலியைத் தரவாக மாற்றும் வேலையைச் செய்ய வேண்டிய சிப்பைக் குறைத்துவிட்டு, அந்த வேலையை விண்டோஸ் டிரைவர் வழியாகப் பிராசஸரின் தலையில் கட்டியிருப்பார்கள். வின்மோடம் என்று பெயர். லினக்ஸில் அது வெறும் தகடு. டிரைவர் வேண்டுமானால் இணையத்தில் தேட வேண்டும். இணையத்துக்குப் போக மோடம் வேண்டும். ஸ்டேச்சூ ஜங்ஷன் பக்கம் ஒரு பிரௌசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கொடுத்து, வழிகாட்டிக் குறிப்புகளை அச்செடுத்து, டிரைவரை ஃபிளாப்பியில் போட்டுக் கொண்டுவந்தேன். ஃபிளாப்பி வீட்டுக்கு வந்ததும் படிக்காது. மறுபடி பஸ். நான்காம் தடவை படித்தது. இந்த டிரைவர் வேறு கர்னலுக்கு எழுதியது என்று சொல்லிவிட்டது. கடைசியில் அண்ணன் தன் பழைய வெளிமோடத்தைக் கடன் கொடுத்தார். சீரியல் போர்ட்டில் செருகியதும் வேலை செய்தது. துலா மாதத்து இடி ஒன்று தொலைபேசிக் கம்பி வழியாக இறங்கி அதை எரிக்கும்வரை வேலை செய்தது. கடன் வாங்கிய பொருள் என்பதால் இடிக்கும் நான்தான் பொறுப்பேற்க வேண்டியிருந்தது.

நடுவில் ஓடிய ஆண்டுகளை இந்த ஊரில் இருந்தபடி பார்த்தது ஓர் அதிர்ஷ்டம். 2004-இல் உபுண்டு வந்தது. கேட்டால் சிடியைத் தபாலில் இலவசமாக அனுப்பினார்கள். வெளிநாட்டு உறையோடு தபால்காரர் வந்து நின்றபோது, அக்கம்பக்கத்தார் எனக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டதென்று நினைத்தார்கள். 2011-இல் அந்த ஏற்பாட்டை நிறுத்திவிட்டார்கள். ஆனால் உண்மையான மாற்றம் பூஜப்புரையிலிருந்து வந்தது. என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். அங்கே இருந்த ஐடி@ஸ்கூல் திட்டம் கேரளப் பள்ளிக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. 2006 ஆகஸ்டில் ஸ்டால்மன் மறுபடி வந்து மாநில அதிகாரிகளைச் சந்தித்ததும் அதற்கு ஒரு தள்ளுக் கொடுத்தது. அந்தத் திட்டம்தான் 2017-இல் கைட் என்ற அரசு நிறுவனமானது. மேடையில் பேசியவர்கள் பெயர் வாங்கிக்கொண்டார்கள். மாற்றிக் காட்டியவர்கள் பள்ளி ஆசிரியர்கள். கணக்கு வாத்தியாரும் மலையாள டீச்சரும் விடுமுறை நாளில் உட்கார்ந்து பார்ட்டிஷன் பிரிக்கக் கற்றுக்கொண்டார்கள். இரண்டு லட்சம் கணினிகளில் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று 2019-இல் அறிவித்தார்கள். கணினிக்கு ஒன்றரை லட்ச ரூபாய் மென்பொருள் வாங்கியிருப்பார்கள் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. எந்த அரசுப் பள்ளியும் அப்படி வாங்கியிருக்காது. எனவே அந்தத் தொகை எனக்கு நம்பிக்கை தருவதில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளை டெர்மினலைக் கண்டு மிரளாமல் இருப்பதற்கு என்ன விலை என்று யாரும் கணக்குப் போடவில்லை.

களியக்காவிளை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் கதை வேறு. 2011-இல் தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு, சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. நாகர்கோவிலில் என் உறவுப் பிள்ளைகள் மூன்று பேருக்கு அது கிடைத்தது. மூவருமே அதை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு, கடையில் கொடுத்து அழித்துவிட்டார்கள். கொடுத்த அரசு, கற்றுக்கொடுக்க ஆளை அனுப்பவில்லை. கேரளத்தில் கணினிப் பாடநூல் சிறுபான்மை மொழிப் பள்ளிகளுக்காகத் தமிழிலும் அச்சாகிறது. இங்குள்ள சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் அமைப்பு 'மீரா இனிமை' என்று ஒரு தமிழ் எழுத்துருவையே செய்து இலவசமாக வெளியிட்டது. மலையாளிகள் செய்த தமிழ் எழுத்துரு! எனக்கு அதில் ஒரு சின்னப் பொறாமை உண்டு.

சரி, கருப்புத் திரைக்கு வருவோம்.

மருமகன் அதற்குள் மூன்று தடவை பவரை அணைத்துப் போட்டுவிட்டான். நான் குனிந்து போர்டைப் பார்த்தேன். ஓரத்தில் வரிசையாக நான்கு மிகச்சிறிய விளக்குகள். பக்கத்தில் கண்ணாடி போட்டாலொழியத் தெரியாத எழுத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று பெயர்கள். டிராம் விளக்கு மஞ்சளாய் எரிகிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான்கு எழுத்து போய் நான்கு விளக்கு வந்திருக்கிறது. மெஷின் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. வானவில் வெளிச்சத்துக்கு நடுவில் யார் கண்ணிலும் அது படவில்லை.

"அப்படியே விடுடா. தொடாதே."

"ரேம் போயிடுச்சா, மாமா?"

ரேம் போகவில்லை. டிடிஆர்5 நினைவகம் புதுப் போர்டில் முதன்முதல் ஏறும்போது, போர்டும் ரேமும் ஒன்றுக்கொன்று வேகமும் மின்னழுத்தமும் ஒத்துப் பார்த்துக்கொள்ளும். புதுப் பெண்ணும் மாமியாரும் மாதிரி, முதல் பேச்சுக்கு நேரமெடுக்கும். சில போர்டுகளில் நிமிடக்கணக்கில் திரை கருப்பாகவே நிற்கும். பாதியில் அணைத்தால் முதலிலிருந்து தொடங்கும். இவன் மூன்று தரம் அணைத்திருக்கிறான். சாயா போட்டுக் குடித்துவிட்டு வந்தோம். போர்டு நிறுவனத்தின் முத்திரை திரையில் ஜொலித்துக்கொண்டிருந்தது.

பென் டிரைவிலிருந்து உபுண்டு 24.04 ஏறியது. இருபது நிமிடம்கூட ஆகவில்லை. வட்டு, திரை, ஒலி எல்லாம் தானாகவே தெரிந்தன. நான் ஆறு வாரம் போராடிய காரியத்தை இவன் ரஸ்க் தின்றுகொண்டே முடித்தான். வைஃபை மட்டும் வரவில்லை. சிப் அந்தக் கர்னலுக்குப் புதிது. கைபேசியை யுஎஸ்பி கேபிளில் செருகி டெதரிங் போட்டான், இணையம் வந்தது, புதிய கர்னல் இறங்கியது, வைஃபையும் வந்தது. மொத்தம் பத்து நிமிடம். என் நான்கு ஃபிளாப்பிப் பயணங்களைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

சிக்கல் கிராபிக்ஸ் கார்டில் வந்தது. டிரைவர் போட்டு மறுபடி இயக்கியதும் திரை பெருத்துப்போய் நின்றது. இவன் ஏஐ-யிடம் கேட்டான். அது பன்னிரண்டு கட்டளை கொடுத்தது. பன்னிரண்டையும் ஒரே மூச்சில் ஒட்டினான். இப்போது திரையே வரவில்லை. அன்றைக்குப் பதில் கிடைக்காமல் தவித்தோம். இன்றைக்குப் பதில்கள் குவிகின்றன. அதில் பாதி வேறு போர்டுக்கும், பத்து வருடம் முந்தைய பதிப்புக்கும் உரியவை. எது நம்முடையது என்று பிரிக்கத் தெரியாவிட்டால் பதிலே நோயாகிவிடும். கடைசியில் ரெகவரி மோடில் போய் ஒட்டியதையெல்லாம் பெயர்த்தெடுத்து, பெருத்த திரைக்கே திரும்பி வந்தோம். அதற்கே இரவு ஒன்பது.

மாடி வீட்டுப் பெண் சார்ஜர் வாங்க இறங்கி வந்தாள். ஒன்பதாம் வகுப்பு. பள்ளியில் 'லிட்டில் கைட்ஸ்' மன்றத்தில் இருக்கிறாள். 2018-இல் தொடங்கிய மாணவர் ஐடி மன்றங்கள் அவை. ஹார்டுவேர் பயிற்சியும் உண்டு. இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அங்கிளே, லாக் நோக்கியோ?"

லாக் பார்க்கவில்லை. இருபத்தைந்து வருடம் இதில் கிடந்தவன் நான்; எனக்கும் தோன்றவில்லை. அவளே டெர்மினலைத் திறந்து பதிவேட்டை உருட்டினாள். சிவப்பாய் ஒரு வரி: டிரைவரின் சாவி நிராகரிக்கப்பட்டது.

நிலைமை அடியோடு மாறிவிட்ட இடமாக நான் பார்ப்பது இதைத்தான். 2001-இல் லினக்ஸுக்குக் கருவியைத் தெரியாது. அறிமுகம் செய்துவைத்தால் தீர்ந்தது. இன்று லினக்ஸுக்கு ஏறக்குறைய எல்லாம் தெரிகிறது. போர்டுதான் வாசலில் நின்று 'நீ யார்' என்று கேட்கிறது. செக்யூர் பூட் என்ற இந்தக் காவல் 2012-இல் விண்டோஸ் 8 மெஷின்களோடு பரவியது. கையொப்பம் இல்லாத எதையும் அது எழுப்ப விடாது. பெரும்பாலான போர்டுகளில் பிறவியிலேயே இருப்பது மைக்ரோசாஃப்டின் சாவி. லினக்ஸ்காரர்கள் அந்தச் சாவியாலேயே கையொப்பம் வாங்கிய ஒரு சின்ன நிரலை முன்னால் அனுப்பித்தான் உள்ளே நுழைகிறார்கள். நம் வீட்டிலேயே கம்பைல் ஆன டிரைவருக்கு நாமே சாவி செய்து, போர்டிடம் பதிவு செய்ய வேண்டும். நச்சுநிரல் பூட் ஆகும் இடத்திலேயே ஒளிந்துகொள்ளும் காலத்தில் இந்தக் காவல் வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் சொந்தக் காசில் வாங்கி, சொந்தக் கையால் பூட்டிய மெஷினில், என் டிரைவருக்கு நானே சிபாரிசுக் கடிதம் எழுதுவது எனக்கு உறுத்துகிறது. 2001 ஜூலைக் கூட்டத்தில் உரிமை உரிமை என்று பேசியதெல்லாம் காதில் ஒலிக்கிறது.

அந்தப் பதிவுக்கு ஒரு நீலத் திரை வரும். பத்து விநாடி காத்திருக்கும். ஏதாவது விசையைத் தட்டினால்தான் உள்ளே விடும். இல்லையென்றால் ஒன்றும் நடக்காததுபோல மேலே போய்விடும்.

"நீலமா ஒண்ணு வந்துச்சு. ஏதோ எரர்னு நினைச்சு விட்டுட்டேன்" என்றான் மருமகன்.

பெண் கோரிக்கையை மறுபடி பதிய வைத்து, ஒரு கடவுச்சொல் கொடுத்து, ரீஸ்டார்ட் செய்தாள். நீலத் திரை வந்ததும் இவனே பாய்ந்து தட்டினான். சாவி ஏறியது. திரை கூர்மையாயிற்று. அவள் சார்ஜரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். நன்றி சொல்ல நாங்கள் மறந்துவிட்டதை மறுநாள்தான் உணர்ந்தோம்.

விளையாட்டுக்காக இன்னொரு எஸ்எஸ்டியில் விண்டோஸும் போட்டிருந்தான். பதினொரு மணிக்கு அதைத் திறந்தவன் என்னைக் கூப்பிட்டான்.

"மாமா, இதுல மணி தப்பா காட்டுது. சரி பண்ணினாலும், லினக்ஸ் போயிட்டு வந்தா திரும்பத் தப்பு. பேட்டரி போச்சோ?"

"எவ்வளவு தப்பு?"

கைபேசியைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், விரல் விட்டு எண்ணினான்.

"அஞ்சரை மணி நேரம் பின்னாடி."

2001-லும் இதே முன்னறையில் இதே அஞ்சரை. போர்டுக் கடிகாரத்தில் லினக்ஸ் எழுதிவைப்பது கிரீன்விச் நேரம். விண்டோஸ் அதை அப்படியே கரமனை நேரம் என்று படித்துக்கொள்கிறது. கைபேசியை நான் தேடவில்லை.

"பேட்டரி நல்லாத்தான் இருக்கு. லினக்ஸுக்குப் போ" என்றேன். "ஒரே ஒரு வரி அடிக்கணும். நான் சொல்றேன், நீ அடி."